ஜுரம் வராத ஊசி

அந்த வருஷம் ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர் நாடு முழுக்கப் பேப்பரில் வந்தது. ஏன் வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். நான் இந்தப் பக்கத்துக்காரி என்று தெரிந்தால் இன்றைக்கும் ஜனங்கள் அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு 1991 என்றால் முதலில் ஞாபகம் வருவது கழுதைப் பால். ஐ.டி.ஐ. படித்த என் கணவர், ஹேண்டில் பாரில் ஒரு எவர்சில்வர் தூக்கை மாட்டிக்கொண்டு, கழுதையைத் தேடி தண்டலம் பக்கம் சைக்கிள் மிதித்துப் போனது. அதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் அது எவ்வளவு பெரிய கூத்து என்று புரியும்.

அவர் ஹைவே ஓரத்துத் தொழிற்சாலை ஒன்றில் இன்ஸ்பெக்டர். போலீஸ் இல்லை. லைனில் செய்து வருகிற உருப்படிகளை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் ஓகே என்றும், இல்லாவிட்டால் ரிஜெக்ட் என்றும் பிரித்துப் போடுகிற வேலை. ரிஜெக்ட் ஆனதன் தலையில் ஒரு சொட்டு சிவப்புப் பெயின்ட் வைப்பார். அந்தப் பெயின்ட் அவருடைய கட்டைவிரல் நகத்தில் எப்போதும் ஒட்டியிருக்கும். ஷிஃப்ட் முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு வருவார், அந்தப் புத்தியைக் கழுவிக்கொண்டு வரத் தெரியாது. வீட்டில் தோசை ஓகே, சட்னி ரிஜெக்ட். என் அண்ணன் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு வைத்து, சாம்பாரை ரிஜெக்ட் செய்தவர் அவர்.

மண்ணூரில் ஒரு விவசாயி தன் நிலத்தோரம் கட்டி வாடகைக்கு விட்டிருந்த லைன் வீட்டில் குடியிருந்தோம். ஓடு போட்ட ஐந்து போர்ஷன், எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு. ஒரு போர்ஷனுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருந்த சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்து வீட்டில் தாளித்தால் எங்கள் வீட்டில் தும்மல் வரும். ஆம்பிளைகள் எல்லோருமே ஏதாவது ஒரு கம்பெனியில் வேலை. அவர்களுடைய அப்பாக்கள் சேற்றில் இறங்கி நின்றவர்கள்தான். ஆனால் காக்கி யூனிஃபார்மும் ஷிஃப்ட்டும் வந்த பிறகு, ஊரில் மற்றவர்கள் போகிற இடத்துக்கு நாம் போகக் கூடாது என்று ஒரு எண்ணம் வந்துவிட்டது. ரேஷன் கடைக்கு மட்டும் போவார்கள். சர்க்கரை விஷயத்தில் கௌரவம் பார்க்க முடியாது.

அந்த லைனுக்கே என் கணவர்தான் இன்ஸ்பெக்டர். யார் பிரஷர் குக்கர் வாங்கினாலும், பழைய சைக்கிள் வாங்கினாலும், கொண்டுவந்து அவரிடம் காட்டுவார்கள். அவர் தட்டிப் பார்த்து, சுற்றிப் பார்த்து, காதருகே வைத்துப் பார்த்து ஓகே சொல்லுவார். அப்புறம்தான் அது வீட்டுக்குள் போகும். இதில் அவருக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. சம்பளம் கொடுத்த கம்பெனிகூட அவரை அவ்வளவு மதித்ததில்லை.

எங்கள் மகள் அந்த வருஷம் தை மாதம் பிறந்தாள். ஒன்றரை மாதத்தில் முத்தடுப்பு ஊசி போட வேண்டும். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஊசி. ஊரில் சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்து அறையில் புதன்கிழமைதோறும் நர்ஸம்மா வருவார். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ஊசிகள் கொதித்துக்கொண்டிருக்கும். வெளியே வேப்ப மரத்தடியில் குழந்தைகளோடு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நர்ஸம்மாவை எனக்கும் பிடிக்காது. நேரத்தோடு வந்தால் ஏன் இவ்வளவு சீக்கிரம் என்பார், பிந்தி வந்தால் ஏன் இவ்வளவு நேரம் என்பார். குழந்தைக்கு எண்ணெய் தடவியிருந்தால் ஒரு திட்டு, தடவாமல் வந்தால் ஒரு திட்டு. ஆனால் கண்ணாடி சிரிஞ்சில் மருந்தை இழுத்து, கண்ணுக்கு நேரே தூக்கி அளவு பார்த்துத்தான் போட்டார். போட்டுவிட்டு ஒரு மாத்திரையைக் கையில் கொடுத்தார்.

"இன்னிக்கு ஜுரம் வரும். தொடை வீங்கும். வந்தா நல்லதுதான், பயந்துகினு ஓடியாராத. மாத்தரைய நாலா ஒடச்சி ஒரு துண்டு குடு."

சொன்னபடியே வந்தது. குழந்தை விடாமல் அழுதது. கூரை வரை சுவர் இல்லாத வீட்டில் அது எங்கள் குழந்தையின் அழுகை மட்டுமாக இருக்கவில்லை, ஐந்து வீட்டுக்கும் பொதுவாக இருந்தது. அவர் தூக்கமில்லாமல் மறுநாள் வேலைக்குப் போனார். இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் உட்கார்ந்து கண்ணசந்துவிட்டார். ஒரு டிரே நிறைய கோணலான உருப்படிகள் ஓகே ஆகிப் போய்விட்டன. சூப்பர்வைசர் எல்லோருக்கும் எதிரில் காய்ச்சி எடுத்துவிட்டார். தூங்கினது இவர், பழி ஊசியின் மேல். அடுத்த புதன்கிழமை அந்த மரத்தடிக்கே போய், அத்தனை பெண்கள் எதிரில் நர்ஸம்மாவிடம் கத்திவிட்டு வந்தார்.

"இன்னா ஊசி போடறீங்க? உள்ள இருக்கறது மருந்தா வெஷமா? ரிஜெக்ட் ஆன மாலெல்லாம் கொண்டாந்து எங்க தலைல கட்டறீங்களா?"

நர்ஸம்மா ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தாராம். அதை மனசில் முடிந்து வைத்துக்கொண்டார் என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

கேன்டீனில் இவர் இதைச் சொல்ல, எங்கள் பக்கத்துப் போர்ஷன்காரர் ஒரு வழி சொல்லியிருக்கிறார். அவரும் அதே கம்பெனி, பிரஸ் ஷாப். அவருடைய பையனுக்கு அப்போது ஒன்றரை வயது. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர் இருக்கிறார், தன் பையனுக்கு எல்லா ஊசியும் அங்கேதான் போட்டது, ஒரு தடவைகூட ஜுரம் வந்ததில்லை என்றாராம். கேட்ட மாத்திரத்தில் இவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜுரம் வந்தால் ரிஜெக்ட், வராவிட்டால் ஓகே. நகரத்து ஊசி நல்ல ஊசி, கவர்மெண்ட் ஊசி மட்ட ஊசி. உலகத்தில் எந்த மருந்தும் அவ்வளவு சுலபமாகச் சோதிக்கப்பட்டிருக்காது.

இரண்டாவது ஊசிக்கு அந்த கிளினிக்குக்குப் போனோம். வாசலில் கண்ணாடிக் கதவு. உள்ளே ரெக்ஸின் தைத்த நாற்காலிகள். ஒரு மீன் தொட்டி, அதில் ஒரே ஒரு மீன், அதுவும் எப்போது செத்துப்போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த மீன். டாக்டர் சிரித்த முகம். யாரையும் திட்டவில்லை. இவரிடம், "எந்த கம்பெனி, எந்த செக்‌ஷன்?" என்று விசாரித்தார். அதிலேயே இவர் உருகிவிட்டார். குழந்தையை இவரே மடியில் வைத்துக்கொள்ள, நான் பையையும் பால் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். குழந்தை லேசாக ஒரு அழுகை அழுது நிறுத்திக்கொண்டது. அன்று சாயங்காலம் முழுக்க இவர் அதன் கழுத்தில் புறங்கையை வைத்து வைத்துப் பார்த்தார். சூடே இல்லை.

"பாத்தியா? ஓகே பீஸ்," என்றார்.

அதோடு விட்டாரா? லைன் முழுக்கச் சொன்னார். கிணற்றடியில் சொன்னார், கேன்டீனில் சொன்னார், ஷிஃப்ட் பஸ்ஸில் சொன்னார். பக்கத்துப் போர்ஷன்காரர் கண்டுபிடித்த டாக்டர், இவர் ஓகே சொன்ன பிறகு லைனுக்கே டாக்டர் ஆகிவிட்டார். ஊசிக்கு யாரும் அந்த வேப்ப மரத்தடிக்குப் போவதில்லை என்று ஆயிற்று. எதிரில் வயல் வேலைக்குப் போகிற பெண்கள் புதன்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது, எங்கள் லைன் பெண்கள் வாசலில் நின்று பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

மூன்றாவது ஊசிக்கு இவருக்கு ஓ.டி. நான் மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். இந்தத் தடவை குழந்தை என் மடியில். டாக்டரின் கை என் முகத்துக்கு நேரே இருந்தது. பாட்டிலில் ஊசியைக் குத்தி மருந்தை இழுத்தார். இழுக்கத் தொடங்கியதுமே நிறுத்திவிட்டார். நர்ஸம்மா இழுத்த அளவு எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் குத்தி எடுத்துவிட்டார்.

"டாக்டர், இவ்ளோதானா?" என்றேன்.

"போதும்மா. கம்பெனி வீட்டுக் கொழந்தைங்களுக்கு நான் பாதி டோஸ்தான் போடறது."

"ஏன்?"

"முழுசாப் போட்டா ஜுரம் வரும். ஜுரம் வந்தா உங்க வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். எனக்கு எதுக்கும்மா வம்பு?"

"போன தடவையும் பாதிதானா?"

"ஆமா. ஜுரம் வந்துச்சா? வரலல்ல?" என்று சிரித்துக்கொண்டே, ஒரு பல்கூட முளைக்காத குழந்தையின் கையில் ஒரு சாக்லேட்டை வைத்தார்.

மனுஷன் எதையும் ஒளிக்கவில்லை. கேட்டவர்களுக்குக் கேட்டதைக் கொடுத்தார். ஓட்டல்காரன் காரம் குறைத்துப் போடுகிற மாதிரி ஊசியைக் குறைத்துப் போட்டார். பிற்பாடு அந்த கிளினிக் மாடி வைத்துப் பெரிதானது. கம்பெனிகள் பெருகப் பெருக ஜுரம் வேண்டாத அப்பாக்களும் பெருகினார்கள்.

பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று வியாதிக்கும் ஊசி போட்டாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கிறோம், உள்ளே போனது முதல் ஊசி மட்டும்தான் உருப்படி. அன்றைக்கு அவர் வந்ததும் சொன்னேன். அவர் முகம் மாறும், சட்டையை மாட்டிக்கொண்டு டாக்டரிடம் சண்டைக்குக் கிளம்புவார் என்று நினைத்தேன். அவர் காலை நீட்டி உட்கார்ந்து யோசித்தார்.

"பாதிலயே வேலை நடக்குதுன்னா மீதி எதுக்கு? மெட்டீரியல் சேவிங். எங்க கம்பெனில இப்டி ஒருத்தன் ஐடியா குடுத்தா கை தட்டுவாங்க."

"வேலை நடக்குதுன்னு யாரு சொன்னாங்க?"

"ஜுரம் வரலையே."

"ரெண்டு போல்ட்டு போட வேண்டிய எடத்துல ஒரு போல்ட்டு போட்டு அனுப்பினா ஓகேன்னு விடுவீங்களா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா? அங்க டிராயிங்ல ரெண்டுன்னு போட்டிருக்கும்."

"இதுக்கும் எவனோ டிராயிங் போட்டுத்தான வெச்சிருப்பான்?"

அவர் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார். "பொம்பளைங்களாண்ட டெக்னிக்கல் பேசக் கூடாது," என்று சொல்லிவிட்டு, சாப்பாடு போடச் சொன்னார். குழம்பு ஓகே ஆனது.

பக்கத்துப் போர்ஷன்காரிக்கு ஆனியில் இரண்டாவது பிள்ளை பிறந்திருந்தது, அதுவும் ஆண். அவளிடம் கிணற்றடியில் சொன்னேன். அந்த டாக்டர் பாதிதான் போடுகிறார், பெரியவனுக்கும் பாதிதான் போட்டிருப்பார், சின்னவனையாவது நர்ஸம்மாவிடம் கொண்டுபோ என்றேன். துணி காயப் போடும்போது மறுபடி சொன்னேன். கிட்டத்தட்ட ஒரு மாதம் இதே பாட்டு. அவள் கெட்டவள் இல்லை, என்மேல் பிரியமாகத்தான் இருப்பாள்.

"நீ சொல்றக்கா. ஆனா உங்க வூட்டுக்காரரு ஒண்ணும் சொல்லலியே. அவரு பாக்காததா?" என்பாள்.

நான் படித்தவள் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு வருகிற கடிதங்களை நான்தான் படித்துச் சொல்லுவேன். அதற்கெல்லாம் நான் ஆகும். ஆனால் ஓகே போடுகிற உரிமை அந்த லைனில் ஒருவருக்குத்தான் இருந்தது.

ஆடி பிறந்தது, காற்று அடித்தது. ஹைவே பக்கம் புதிதாக ஏதோ கம்பெனிக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள், அந்தச் செம்மண் தூசு முழுக்க எங்கள் ஓட்டின் மேல் வந்து விழுந்தது. பக்கத்துப் போர்ஷன் பெரிய பையன் இருமத் தொடங்கினான். முதலில் சளி என்றார்கள். பிறகு அது வேறு மாதிரி ஆனது. இருமல் தொடங்கினால் நிற்காது. மூச்சு வாங்க இடைவெளி இல்லாமல் இருமி இருமி, கடைசியில் கூவென்று ஒரு சத்தத்தோடு காற்றை உள்ளே இழுப்பான். அந்தச் சத்தம் சுவருக்கு மேலே ஏறி எங்கள் வீட்டுக்குள் இறங்கும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் என் மகளைப் பார்ப்பேன். எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது.

லைன் ஆம்பிளைகள் கூடித் தூசு என்று முடிவு செய்தார்கள். பையனை டாக்டரிடம் தூக்கிப்போனார்கள். வயசானவர்கள் யாரைக் கேட்டாலும் அந்தச் சத்தத்தை வைத்தே கக்குவான் என்று சொல்லியிருப்பார்கள். டாக்டர் சிரித்தபடியே மறுத்துவிட்டாராம்.

"கக்குவானுக்குத்தான் ஊசி போட்டாச்சே, அப்புறம் எப்படி வரும்? இது அலர்ஜி."

பாதி ஊசி போட்டவரே, ஊசி போட்டாகிவிட்டது என்று சாட்சியும் சொன்னார். எங்கள் ஆம்பிளைகள் தலையாட்டிவிட்டு ஒரு பாட்டில் சிரப்போடு திரும்பி வந்தார்கள்.

சிரப் தீர்ந்தது, இருமல் தீரவில்லை. அப்போதுதான் யாரோ கழுதைப் பால் என்றார்கள். கக்குவானுக்குக் கழுதைப் பால் கொடுத்தால் கேட்கும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. கக்குவான் இல்லை என்று சொல்லிக்கொண்டே அதற்கான வைத்தியத்துக்கு எல்லோரும் தயாரானார்கள். ஜுரம் வருமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கவர்மெண்ட் நர்ஸ் கொதிக்க வைத்த ஊசியில் விஷம் இருக்குமோ என்று சந்தேகப்பட்டவர்களுக்கு, தண்டலம் பக்கம் துணி மூட்டை சுமக்கிற கழுதையின் மேல் ஒரு சந்தேகமும் வரவில்லை. என் கணவர்தான் தூக்கை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அடுத்தவன் பிள்ளைக்காக அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல மனசுதான். நல்ல மனசுக்கு நல்ல புத்தி துணைக்கு இருந்திருந்தால் அந்த சைக்கிளை வேப்ப மரத்தடிக்கு விட்டிருப்பார்.

பாலைக் கொண்டுவந்து வைத்ததும் கேட்டேன்.

"எவ்ளோ குடுக்கணுமாம்?"

"ஒரு சங்கு."

"முழு சங்கா, பாதி சங்கா?"

முறைத்தார். "முழு சங்குதான்," என்றார். கழுதைப் பாலில் மெட்டீரியல் சேவிங் கிடையாது போல.

அந்த வாரம் நான் யாரிடமும் சொல்லாமல் மகளைத் தூக்கிக்கொண்டு நர்ஸம்மாவிடம் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா, கம்பெனி வூட்டுக் கொழந்தைக்கெல்லாம் இங்க ஊசி ஏறுமா?"

நான் நடந்ததைச் சொன்னேன். பாதி பாதியாகப் போட்டதைக் கேட்டதும் அவருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மறு வாரம் போனபோது, பாதி போட்டதைக் கணக்கில் எடுக்கக் கூடாது, திரும்ப முழுசாகப் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். நான் குழந்தையின் துணியை விலக்கினேன். அவர் ஊசியைத் தொடவில்லை.

"உன் வூட்டுக்காரரு வரட்டும்."

"அவரு எதுக்கு?"

"இத்தினி பேரு எதிர்ல மருந்தா வெஷமான்னு கேட்டாரு. இன்னிக்குப் போட்டா ஜுரம் வரும். மறுபடி வந்து கத்துவாரு. அவரே வந்து கொழந்தைய மடில வெச்சிக்கட்டும், போடறேன்."

கெஞ்சிப் பார்த்தேன். அடுத்த குழந்தையைக் கூப்பிட்டுவிட்டார். அங்கே ஒரு மனுஷனுக்கு வறட்டுக் கௌரவம், இங்கே இந்த அம்மாவுக்கு வறட்டு ரோஷம், நடுவில் என் பிள்ளையின் தொடை. இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கலாம் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன்.

"நானா? அந்தம்மா எதிர்ல போயி நிக்கணுமா? லைன்ல இன்னா நெனப்பாங்க?" என்றார். துண்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து, பக்கத்துப் போர்ஷன்காரர் ஷிஃப்ட்டில் இருந்தபோது, பையனுக்குப் பால் கொடுக்க என் கணவர் போனார். வேலைக்குக் கிளம்பியவர், யூனிஃபார்மோடுதான் போனார். பையனை மடியில் சாய்த்து சங்கில் பாலை ஊற்றினார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றேன். உள்ளே பையனின் அம்மா கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். பாதிப் பால் உள்ளே போகும்போது பையனுக்கு இருமல் வந்துவிட்டது. முகம் சிவந்தது. நாக்கு வெளியே வந்தது. இருமிக்கொண்டே இருந்தான், மூச்சு திரும்பவில்லை. உதடு நீலமாக ஆனது. அவர் அவனை நிமிர்த்தி உட்காரவைத்து, "டேய், டேய்," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் கூவென்று மூச்சை இழுத்தான், இழுத்த கையோடு குடித்ததெல்லாம் அவருடைய காக்கிச் சட்டையில் வாந்தி எடுத்தான். பிறகு களைத்துப்போய் அவர் மேலேயே சாய்ந்துகொண்டான். அந்தப் பையன் மாதக்கணக்கில் இருமிப் பிழைத்துக்கொண்டான். அது இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அவன் பிழைப்பான் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

அவர் தலையை நிமிர்த்தி என் இடுப்பில் இருந்த மகளைப் பார்த்தார். அப்புறம் பக்கத்துப் போர்ஷன்காரியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தையைப் பார்த்தார். கிணற்றடிக்குப் போய்ச் சட்டையை அவரே துவைத்தார். கல்யாணமாகி அவர் துணி துவைத்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

புதன்கிழமை காலையில், "கெளம்பு," என்றார். யூனிஃபார்ம் இல்லை. பழைய லுங்கி, தலையில் ஒரு துண்டைச் சுற்றி முக்காடு மாதிரி இழுத்துவிட்டிருந்தார். கம்பெனியின் மானத்தைக் காப்பாற்றுகிறாராம். மரத்தடியில் இருந்த அத்தனை பெண்களுக்கு நடுவில் ஒரே ஆம்பிளை, அதுவும் முக்காட்டோடு. அவரைப் பார்க்காதவர் அங்கே ஒருவர்கூட இல்லை.

"வாங்க, இன்ஸ்பெக்டர் சார்," என்றார் நர்ஸம்மா, மரத்தடி முழுக்கக் கேட்கிற மாதிரி.

அவர் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மகளை மடியில் வைத்துக் காலைப் பிடித்துக்கொண்டார். நர்ஸம்மா மருந்தை இழுத்து, சிரிஞ்சை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"அளவு சரியா கீதா? நல்லாப் பாத்துக்கோங்க."

குத்திக் காட்டத்தான் நீட்டினார். இந்த மனுஷன் நிஜமாகவே ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெளிச்சத்துக்கு எதிரே கோட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவருக்கு வேறு மாதிரி இருக்கத் தெரியாது. ஊசி ஏறியது, மகள் வீறிட்டாள். மாத்திரையை நர்ஸம்மா என் கையில் கொடுக்கவில்லை, அவர் கையில் கொடுத்தார்.

சாயங்காலத்துக்குள் உடம்பு கொதித்தது. தொடை சிவந்து வீங்கியது. குழந்தை சிணுங்கிக்கொண்டே இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன். சூடு குறைந்துவிடுமோ என்று தொட்டுத் தொட்டுப் பார்த்த தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் மகளின் கழுத்தில் புறங்கையை வைத்தார், எடுத்தார். ஓகே என்றும் சொல்லவில்லை, ரிஜெக்ட் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பக்கத்துப் போர்ஷன்காரி கைக்குழந்தையோடு வந்தாள். அவர் வாசலில் உட்கார்ந்து ஷேவிங் செய்துகொண்டிருந்தார்.

"இன்னாக்கா, பாப்பா சிணுங்கிகினே கீது? ஜுரமா?"

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "பல்லு மொளைக்குதும்மா. அதான் ஜுரம்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இவ்வளவுக்குப் பிறகும் இந்த மனுஷனுக்கு லைன்தான் முக்கியம். ஒரு வார்த்தையில் ஒரு கைக்குழந்தையை அந்த மீன் தொட்டிக்காரரிடம் அனுப்பிவிடுவார். சொல்லிவிடுவது என்று நான் ஒரு அடி முன்னால் வந்தேன். அதற்குள் அவள் குனிந்து என் மகளைத் தூக்கினாள். துணி விலகியது. வீங்கிய தொடை தெரிந்தது.

அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"பல்லு தொடையிலயாண்ணா மொளைக்குது?"

கேலிக்குக் கேட்கவில்லை. அவள் குரல் உடைந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பெரியவன் இருமத் தொடங்கியிருந்தான்.

"இவனுக்கும் ஒண்ணரை மாசம் ஆயிடுச்சி. ஊசி போடணும்," என்றாள். "எங்க தூக்கினு போவட்டும்? நீங்க சொல்லுங்கண்ணா."

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அவர் தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பையன் கூவென்று மூச்சிழுக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொதன்கெழம நர்ஸம்மா வரும். அங்க தூக்கினு போ," என்றார். "நாங்களும் அங்கதான் போட்டோம். முழுசாப் போடச் சொல்லு. ஜுரம் வரும், பயப்படாத."

ஒரு மாதமாகக் கிணற்றடியிலும் துணிக்கொடி அடியிலும் நான் அவளிடம் சொன்னது இதேதான், ஒரு வார்த்தை கூடுதலும் இல்லை, ஒரு வார்த்தை குறைவும் இல்லை. அவள் என் மகளை என் கையில் கொடுத்துவிட்டு, கைக்குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீங்க சொன்னா சரியாத்தாண்ணா இருக்கும்," என்று அவரைப் பார்த்து ஒரு கையால் கும்பிட்டுவிட்டுப் போனாள்.